கலவை அறைக் குறிப்பேடு

அலுவலகத்தில் அவளுக்கு ‘நூறு மேடம்’ என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. ஒரு பூச்சிமருந்து எலிக்கு ஒன்றும் செய்யாத அளவு எது என்று கண்டுபிடித்து, எலி வேறு மனிதன் வேறு என்பதற்காகப் பத்தாலும், ஆளுக்கு ஆள் உடம்பு வேறு என்பதற்காக இன்னொரு பத்தாலும் வகுக்க வேண்டும். மிஞ்சுகிற எண்தான், ஒரு மனிதன் நாள் தவறாமல் உடம்பில் ஏற்றிக்கொண்டாலும் கெடுதல் வராத அளவு. பூச்சிமருந்துக்கு அனுமதி தரும் அரசு அலுவலகத்தில் அந்த எண்ணைப் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக வகுத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் எரிந்து விழுந்தால், லிஃப்ட் பழுதுபார்க்கும் அவள் கணவர், “நூறால வகுத்துட்டேன், ஒண்ணும் மிச்சம் இல்ல” என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரிப்பார்.

நச்சியல் நிபுணர் என்றால் கண்ணாடிக் குடுவையில் பச்சைத் தண்ணீரைக் குலுக்குகிறவர் என்று உறவினர்கள் நினைத்திருந்தார்கள். இந்தப் பத்தொன்பது வருடத்தில் அவள் ஒரு எலியின் வாலைக்கூடத் தொட்டதில்லை. கம்பெனிகள் எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிக்கும் நாய்க்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, அதை எழுதிப் பெட்டி பெட்டியாக அனுப்பும். அவள் உட்கார்ந்து படிப்பாள். அவ்வளவுதான். விருந்துக்குப் போன இடத்தில் யாராவது கத்தரிக்காயைத் தூக்கிக் காட்டி, “இதைத் தின்னலாமாம்மா?” என்று கேட்டால், “கழுவிட்டுத் தின்னுங்க” என்பாள். இதைச் சொல்லவா இவ்வளவு படிப்பு என்று அவர்கள் முகம் கேட்கும்.

ஆனால் வேலையில் அவளுக்குக் கர்வம் உண்டு, மறைப்பானேன். மற்றவர்கள் சுருக்க அறிக்கையைப் புரட்டிவிட்டு முத்திரை குத்துகிற இடத்தில், இவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கடைசிப் பின்னிணைப்பு வரை போவாள். ஒரு கம்பெனி செத்துப்போன மூன்று நாய்களை ‘போக்குவரத்துச் சிரமங்கள்’ என்ற தலைப்பின் கீழ் ஒளித்து வைத்திருந்தது. இவள் தோண்டி எடுத்தாள். அதற்குப் பிறகு கம்பெனிக்காரர்கள் கோப்பைத் தாக்கல் செய்வதற்கு முன், நூறு மேடம் எப்போது விடுப்பில் போகிறார் என்று வரவேற்பறையில் விசாரிக்க ஆரம்பித்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

அந்த வாரம் அவள் மேஜையில் இருந்தது பதினேழு. அது ஒரு பூச்சிமருந்து. அதன் ரசாயனப் பெயர் ஒன்றரை வரி நீளம் என்பதால் எல்லோரும் கோப்பு எண்ணைச் சொல்லியே அதைக் கூப்பிட்டார்கள். பதினாறு வருடத்துக்கு முன் பதினேழுக்கு எண் போட்டவள் இவள்தான். அவளுடைய முதல் பெரிய கோப்பு அது. விளைந்ததைச் சாப்பிடுகிறவருக்கு ஒன்று, முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு தெளிக்கிறவருக்கு ஒன்று என்று இரண்டு எண்கள். இரண்டும் ஒரே எலி ஆய்விலிருந்து வந்தவை. இப்போது அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். வியாழக்கிழமை குழு கூடுகிறது. குழு தலையாட்டினால் இன்னும் பத்து வருடத்துக்கு அதே எண், அதே தெளிப்பு. ‘மாற்றம் தேவையில்லை’ என்று இரண்டு பக்கக் குறிப்பை அவள் ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாயிற்று.

அப்படிப் பதினேழைத் தெளிக்கிற முதுகுகளில் ஒன்றை அவளுக்கு நேரிலேயே தெரியும். அலுவலக வேலியோரச் செடிகளைப் பார்த்துக்கொள்ளும் செடிக்காரர். காலையில் அவள் வாசலில் நுழையும்போது அவர் முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு தொட்டியை நிரப்பிக்கொண்டிருப்பார்.

“வணக்கம் மேடம். உங்க ஆபீஸ் சொன்ன அளவுதான். ஒரு மூடி மருந்து, பத்து லிட்டர் தண்ணி. ஒரு சொட்டு அதிகமும் இல்ல, குறைவும் இல்ல.”

“துணி போதாதுங்க. மாஸ்க் குடுக்கலையா?”

“குடுத்தாங்க மேடம். வச்சுக்கிட்டா மூச்சு முட்டுது. உங்க அளவு சரியா இருக்கறப்ப அது எதுக்கு?”

அதைக் கேட்டு அவளுக்கு ஒவ்வொரு முறையும் உள்ளூர ஒரு சந்தோஷம் வரும். தான் போட்ட எண்ணை ஒருவர் இவ்வளவு மரியாதையாகக் கையாள்வதை எத்தனை பேர் கண்ணால் பார்க்கிறார்கள்!

வீட்டில் இன்னொரு மனிதர் தினமும் அளவு பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மாமனார் நில அளவைத் துறையில் வரைபடம் எழுதி ஓய்வு பெற்றவர். அச்சில் வார்த்த மாதிரி எழுத்து. இரண்டு வருடத்துக்கு முன் நடை தளர்ந்து, முகம் இறுகி, சட்டைப் பித்தானோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தார். நரம்பு டாக்டர் பார்த்துவிட்டு, நோயின் பெயரைச் சொல்லி, ஒரு கோடு போட்ட நோட்டைக் கொடுத்தார். தினமும் தேதி போட்டு ஒரு வரி எழுத வேண்டும், என்ன வரியானாலும் சரி. மாதம் ஒருமுறை நோட்டைக் கொண்டுவர வேண்டும். “கை நடுங்கறதுக்கு முன்னாடியே எழுத்து சிறுத்துப்போகும். வரி ஆரம்பத்துல பெருசா இருக்கும், போகப் போகச் சுருங்கும். எழுதறவருக்கே தெரியாது” என்றார் டாக்டர்.

மாமனாருக்கு அதில் ஏகக் கோபம். நாற்பது வருடம் ஊரையே அளந்தவனை ஒரு சின்னப் பையன் நோட்டு வைத்து அளப்பதா என்று எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனாலும் எழுதினார். ‘இன்று எனக்கு ஒரு குறையும் இல்லை.’ தினமும் அதே வரி, டாக்டரை வெறுப்பேற்றுவதற்காக. அவள் வாரம் ஒருமுறை பார்ப்பாள். ‘இன்று’ நன்றாக இருக்கும். ‘இல்லை’யைப் படிக்க நோட்டைக் கண்ணருகில் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

திங்கட்கிழமை காலை அவளைப் பதிவறைக்குக் கூப்பிட்டார்கள். பழைய காகிதங்களை வைத்திருக்கும் கெடு முடிந்து நாற்பத்தொரு பெட்டிகளை அரவைக்கு அனுப்ப வேண்டும். அதற்கு அவள் கையெழுத்து தேவை. பதிவறைக்காரர் ஒரு தாள் இடம் மாறினால் தூக்கம் வராத மனிதர். கம்பெனிகளின் ரகசியம் வெளியே போகக்கூடாது என்று, உள்ளே வருகிறவர்களின் கைப்பேசியை வாசலிலேயே வாங்கி ஒரு பெட்டியில் பூட்டிவைப்பார். இயக்குநரிடமே பிடுங்கியிருக்கிறார்.

“முதல்ல கையெழுத்து, அப்புறம் எண்ணிக்கை மேடம். இங்க அதான் வழக்கம்” என்று பட்டியலை நீட்டினார்.

“எண்ணாம எப்படிங்க போடறது?”

“எண்ணறவங்க நீங்க ஒருத்தர்தான். மத்தவங்க போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. பட்டியலை நான் இப்பவே மேல அனுப்பணும், போட்டுடுங்க.”

போட்டாள். பிறகு ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து எண்ணினாள். எல்லாம் பட்டியலோடு ஒத்துப்போயிற்று, இருபத்தேழாம் பெட்டி வரை. அது பதினேழின் பெட்டி. அறுபத்து நான்கு உருப்படிகள் என்று பட்டியல் சொன்னது. அவள் கணக்கில் அறுபத்தாறு வந்தது. மறுபடி எண்ணினாள். அடியில் இரண்டு தடித்த அட்டை நோட்டுகள் கூடுதலாகக் கிடந்தன. மேல் நோட்டில் துருப்பிடித்த ஒரு ஊசி குத்தி ஒரு கடிதம். அவளுடைய கடிதம்தான். வால் நீண்ட பழைய கையெழுத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது.

‘கலவை அறைக் குறிப்பேட்டின் கையெழுத்து வாசிக்கும் நிலையில் இல்லை. தட்டச்சுப் பிரதி அனுப்பவும்.’

அவளுக்கு நினைவு வந்தது. யாரோ ஒரு சோம்பேறி பென்சிலால் எறும்பு ஊர்ந்த மாதிரி கிறுக்கி வைத்திருக்கிறான் என்று அன்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பெனி ஒரே வாரத்தில் அழகாகத் தட்டச்சு செய்து அனுப்பியது. அப்போதிருந்த இயக்குநர் அவளைக் கூப்பிட்டுப் பாராட்டி, இனிமேல் எந்தக் கோப்பிலும் கையால் எழுதிய இணைப்பு கூடாது, தட்டச்சுப் பிரதிதான் வைக்க வேண்டும் என்று சுற்றறிக்கையே போட்டார். அது இன்றும் செல்லும். பிரதி வந்ததும் மூலம் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டது; தூக்கிப் போட மட்டும் யாரும் மெனக்கெடவில்லை.

சும்மாதான் பிரித்தாள். முதல் நாள். ‘மருந்து எடை போடப்பட்டது. தீவனத்தில் கலக்கப்பட்டது. குறை ஏதும் இல்லை.’ பென்சில் எழுத்து. பெரிய, கோடு தாண்டுகிற, தன்மேல் நம்பிக்கையுள்ள எழுத்து. பதினேழு தீவனத்தில் ஒரே ராத்திரியில் சிதைந்துவிடும், அதனால் எலிகளுக்குத் தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். இரண்டு வருட ஆய்வு, எழுநூற்று முப்பது நாள், ஒவ்வொரு நாளும் ஒரு வரி. நாள் தொண்ணூறில் எழுத்து கோட்டுக்குள் அடங்கியது. இருநூறில் வரியின் கடைசிப் பாதி இறங்கியது. முந்நூறில் ‘குறை ஏதும் இல்லை’ என்பதைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தாள். நானூற்றுப் பன்னிரண்டில் மொச்சை அளவில் தொடங்கிக் கடுகளவில் முடிந்தது ஒரு வரி. அதற்குமேல் அந்தக் கை இல்லை.

 இந்த வரியை அவள் வாராவாரம் வீட்டில் பார்க்கிறாள்.

அடுத்த நாளிலிருந்து வேறொரு கை. உருண்டையான எழுத்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே அடிக்கோடு. அப்பாடா என்று இருந்தது. முதல் ஆளுக்கு ஏதோ வயோதிகம், ஏதோ நோய், மருந்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேகமாகப் புரட்டினாள். ஐந்நூறு. ஐந்நூற்றைம்பது. அறுநூற்று நாற்பதில் அடிக்கோடு நெளிந்தது. எழுநூற்று முப்பதாம் நாள் ஆய்வு முடிந்தபோது உருண்டை எழுத்தெல்லாம் புள்ளியாகியிருந்தது. ‘குறை ஏதும் இல்லை.’

இரண்டாவது நோட்டு எலிகளின் எடை பார்த்த அறையினுடையது. அந்த அறையில் பொடி கிடையாது, எலி மட்டும்தான். இரண்டு வருடமும் ஒரே கை. அவள் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு மயிரிழை மாறவில்லை.

எலிகளுக்கு உண்மையிலேயே ஒன்றும் ஆகவில்லை. அவை மருந்தைத் தின்றன. வயிற்றுக்குப் போனதைக் கல்லீரல் முறித்துப் போட்டது. கலந்த இரண்டு பேரும் அந்தப் பொடியை மூச்சில் இழுத்தார்கள். தெளிக்கிறவரும் மூச்சில்தான் இழுக்கிறார். அவருக்கான எண்ணை அவள் தின்ற எலியிலிருந்து போட்டிருந்தாள். இது தெரிந்தபோது அவள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன மேடம், கிறுகிறுப்பா?” என்றார் பதிவறைக்காரர்.

“இந்த ரெண்டு நோட்டும் எனக்கு வேணும்.”

அவர் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். நகல் எடுத்துப் பார்த்தாள். மங்கிய பென்சில் எந்திரத்தில் விழவில்லை, சாம்பல் நிறத் தாள்தான் வந்தது. கம்பெனிக் காகிதத்தைக் கைப்பேசியில் படம் எடுப்பது அந்தக் கட்டடத்தில் எங்குமே தடை. தன் மேஜைக்குக் கொண்டுபோய் அடிக்கோலை எடுத்து மாதத்துக்குப் பத்து வரி என்று எழுத்தின் உயரத்தை அளந்தாள். கலவை அறையில் ஆறு மில்லிமீட்டர் ஒன்றரை ஆனது. ஆள் மாறியதும் மறுபடி ஐந்து, பிறகு இரண்டு. எடை அறையில் நாலரை, நாலரை, நாலரை. அவள் வாழ்க்கையில் எத்தனையோ அட்டவணை போட்டிருக்கிறாள். இது ஒன்றைப் போடும்போதுதான் அழுகை வந்தது. சோம்பேறி என்று திட்டியிருந்தாளே! அவர் முடிந்த அளவு பெரிதாகத்தான் எழுதியிருக்கிறார்.

ஆய்வில் வேலை செய்தவர்களின் பட்டியலில் அவருக்குப் பெயர்கூட இல்லை. ‘கலப்பவர் 1’, ‘கலப்பவர் 2’. ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசினாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை.

செவ்வாய்க்கிழமை இயக்குநரிடம் போனாள். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. அட்டவணையைப் பொறுமையாகப் பார்த்தார்.

“ரெண்டு பேர் மேடம். மொத்தமே ரெண்டு பேர். இத வச்சு என்ன சொல்லச் சொல்றீங்க?”

“எடை அறையில மாறலையே சார்.”

“கலக்கறவங்களுக்கு வேற வியாதி இருந்திருக்கலாம். அவசரத்துல எழுதியிருக்கலாம். எலிக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. அறிக்கை எலியைப் பத்தித்தானே?”

“எலிக்கு ஆகறதைத் தேடித்தேடி எழுதியிருக்காங்க. மனுஷனுக்கு ஆனதை யாரும் பாக்கல சார்.”

“பாக்கறதுக்கு அவர் ஆய்வுல சேத்த பிராணி இல்லையே மேடம்.”

சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “குழு முன்னாடி வைங்க. நான் தடுக்க மாட்டேன். குழுவுல ஒருத்தர் நரம்பு டாக்டர் இருக்கார், அவர் பாத்துச் சொல்லட்டும்.”

அதுவே பெரிது என்று அவள் ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள். குறிப்பை மாற்றி எழுதினாள். தெளிக்கிறவர்களுக்கான அனுமதியை நிறுத்திவைக்க வேண்டும் என்று அதில் கேட்டாள். நோட்டுகளைக் குழுச் செயலகத்தில் ஒப்படைத்து, மேலே ஒரு துண்டுச் சீட்டில், பத்தொன்பது வருடப் பழக்கத்தில், ‘இணைப்பு 3: கலவை அறைக் குறிப்பேடு’ என்று எழுதி வைத்தாள். அவ்வளவுதான் எழுதினாள்.

புதன்கிழமை வீடு திரும்பியபோது கூடத்தில் ஒரே கலகலப்பு. கணவர் அப்பாவுக்கு ஒரு புது டேப்லெட் வாங்கி வந்திருந்தார். மாமனார் ஒரு விரலால் குத்திக் குத்தி எழுதிக்கொண்டிருந்தார். பல மாதத்துக்குப் பிறகு அந்த இறுகிய முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது.

“இங்க பாரும்மா! எல்லா எழுத்தும் ஒரே அளவு. கடைசி வரைக்கும் ஒரே அளவு! அந்த டாக்டர்கிட்ட இத அப்படியே காட்டிடு.”

திரையில் பெரிய, தெளிவான எழுத்தில் இருந்தது: ‘இன்று எனக்கு ஒரு குறையும் இல்லை.’

அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று உடனே பிடிபடவில்லை.

“பேனாவுல எழுதுங்க மாமா. டாக்டர் பேனாவுலதான் கேட்டார்.”

“ஏன்? இதுலயும் அதே வரிதானே இருக்கு?”

“விடேன்” என்றார் கணவர். “ரெண்டு வருஷமா அந்த நோட்டைப் பாத்து முகத்தைச் சுளிச்சுட்டிருந்தார். இன்னைக்குத்தான் சிரிக்கறார்.”

அவள் சத்தம் போட்டு நோட்டை எடுத்துவந்து மடியில் வைத்தாள். மாமனார் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். அன்று அவர் நோட்டில் வரி இல்லை.

வியாழக்கிழமை குழு அறையில் பதினொரு நாற்காலிகள், பதினொரு தண்ணீர் பாட்டில்கள், பதினொரு கோப்புகள். அவள் பேச எழுந்ததும் இணைப்பு மூன்றைத் திருப்பச் சொன்னாள். தானும் திருப்பினாள்.

தட்டச்சுப் பிரதி. ‘நாள் 411. கலக்கப்பட்டது. குறை ஏதும் இல்லை. நாள் 412. கலக்கப்பட்டது. குறை ஏதும் இல்லை. நாள் 413.’ பக்கம் பக்கமாக, மேலிருந்து கீழ்வரை, எல்லா எழுத்தும் ஒரே அளவு.

“இதுல என்னம்மா பிரச்சினை? தினமும் நல்லாத்தானே எழுதியிருக்கு” என்றார் தலைவர்.

 செயலரைப் பார்த்தாள். அவர் தன்மேல் தப்பில்லை என்கிற நிதானத்தோடு எழுந்தார். “கையால எழுதின இணைப்பு கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்குங்க. அதோட தட்டச்சுப் பிரதி கோப்புலயே இருந்தது. அதையே வச்சுட்டோம்.”

அவள் தன் அட்டவணையை எடுத்து வைத்தாள். அடிக்கோலால் அளந்ததை விளக்கினாள்.  யாரோ ஒருவர், “ஸ்கேல் வச்சா அளந்தீங்க?” என்றார், இரண்டு பேர் சிரித்தார்கள். குழுவின் நரம்பு டாக்டர் சிரிக்கவில்லை. அட்டவணையை இழுத்துவைத்து மேலும் கீழும் பார்த்தார்.

“இது நிஜம்னா சின்ன விஷயம் இல்ல. மூல நோட்டைக் காட்டுங்க. பத்து பக்கம் பாத்தா நானே சொல்லிடுவேன்.”

“அஞ்சு நிமிஷம் குடுங்க” என்று சொல்லிவிட்டு அவள் படியில் இறங்கி ஓடினாள். ஐம்பதை நெருங்குகிற பெண் அலுவலகப் படியில் ஓடுவதை வழியில் எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

செயலகத்தில் அவள் வைத்த மேஜை காலியாக இருந்தது. பதிவறைக்குப் போனாள். அங்கே அலமாரித் தட்டுகள் பளிச்சென்று துடைத்திருந்தன.

“அந்த ரெண்டு நோட்டு…”

“கவலைப்படாதீங்க மேடம்” என்றார் பதிவறைக்காரர். முகத்தில் பெருமை வழிந்தது. “செயலகத்துல அநாதையாக் கிடந்தது. நான்தான் நேத்து எடுத்துட்டு வந்து இருபத்தேழாம் பெட்டியில அதோட இடத்துலயே வச்சேன்.”

“பெட்டி எங்க?”

“காலையில ஒன்பது மணிக்கு லாரி வந்துச்சு.” அவள் முகத்தைப் பார்த்து அவருக்குப் பயம் வந்துவிட்டது. பட்டியலை எடுத்துக் காட்டினார். “உங்க கையெழுத்து இருக்கே மேடம்.”

இருந்தது. நாற்பத்தொரு பெட்டிக்கும் சேர்த்து, கீழே ஒரே கையெழுத்து. எண்ணுவதற்கு முன் போட்டது.

நோட்டை வெளியே எடுத்தவளுக்குப் பட்டியலிலிருந்து பெட்டியை அடிக்கத் தோன்றவில்லை. துண்டுச் சீட்டில் ‘மூலத்தையே வைக்கவும்’ என்று இரண்டு சொல் எழுதத் தோன்றவில்லை. சுற்றறிக்கையைக் கொண்டுவந்தவளும் அவள்தான். கம்பெனி எதையும் ஒளிக்கவில்லை. அது தேவையே இல்லாமல், மூன்று தடவையும் அவளே செய்து கொடுத்துவிட்டாள். அந்த அறையில் நின்றபடி அவள் இதைத் தன் மனத்துக்குள் சொல்லிப் பார்த்தாள். 

மேலே போனபோது குழு அடுத்த கோப்புக்கு நகர்ந்திருந்தது. நரம்பு டாக்டர் மட்டும் அவளைப் பார்த்து, இருக்கிறதா என்று புருவத்தை உயர்த்தினார். அவள் இல்லை என்று தலையை அசைத்தாள். அவர் அட்டவணையை மெதுவாக மூடி அவள் பக்கம் தள்ளினார். பதினேழுக்குப் பத்து வருட அனுமதி. மூச்சு வழி பாதிப்பு குறித்து நான்கு வருடத்துக்குள் கம்பெனி புதிய எலி ஆய்வு ஒன்றைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். எலிக்கு யாரோ ஒருவர் கலந்து கொடுக்கத்தான் வேண்டும்.

சாயங்காலம் வாசலுக்கு வந்தாள். செடிக்காரர் வேலியோரம் குந்தியிருந்தார். டப்பாவிலிருந்து மருந்தை மூடியில் ஊற்றிக்கொண்டிருந்தார். மூடியைக் கீழே தரையில் வைத்து, டப்பாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். காலையில் அவசரமாக வருகிறவள் இதைப் பார்த்ததே இல்லை. இவ்வளவு நாளும் கையையா பார்த்தோம், அவர் சொன்ன அளவைக் கேட்டுப் பூரித்துக்கொண்டு போனோம் என்று நினைத்தாள்.

“ரெண்டு கையால ஊத்தறீங்களே, எப்பலேருந்து?”

“சிந்தக்கூடாதுல்ல மேடம். ஒரு மூடின்னா ஒரு மூடி. கொஞ்ச நாளா விரல் சொன்ன பேச்சு கேக்கறதில்ல. வயசாகுது.”

“எத்தனை வயசு?”

“முப்பத்தெட்டு.”

அவள் பையைத் திறந்தாள். மறுநாள் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டிய மாமனாரின் நோட்டு இருந்தது. அதன் கடைசித் தாளைக் கிழித்து, பேனாவோடு அவரிடம் நீட்டினாள்.

“ஒரு வரி எழுதிக் குடுங்க.”

“என்ன எழுதறது மேடம்?”

“இன்னைக்கு என்ன வேலை செஞ்சீங்களோ, அது.”

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மதில்மேல் தாளை வைத்து எழுதினார். படித்தவர் முன்னால் எழுதுகிற கூச்சத்தில் நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டிருந்தார். அவள் பேனா முனையையே பார்த்தாள். ‘இன்று’ பெரிதாக வந்தது. ‘வேலி முழுக்க’ அதைவிடச் சிறியது. ‘மருந்து அடித்தேன்’ என்று முடித்தபோது பேனா நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. அவர் நிமிர்ந்து சிரித்தார், நன்றாக எழுதிவிட்ட திருப்தியோடு.

“நாளையிலேருந்து இதை அடிக்காதீங்க.”

“ஏன் மேடம்? உங்க ஆபீஸ் சொன்ன அளவுதானே?” டப்பாவைத் திருப்பி, அதில் ஒட்டியிருந்த தாளில் எண்ணை விரலால் தொட்டுக் காட்டினார். விரல் எண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

“அந்த அளவைச் சொன்னது நான்தாங்க. தப்பாச் சொல்லிட்டேன். நீங்க நிறுத்தணும்.”

அவர் அவளையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பாதவர் போல இல்லை. ஒரு பெரிய மனுஷி தன்னிடம் தப்பு என்று சொன்னதில் திகைத்துப்போனவராகத்தான் இருந்தார். அவள் தாளின் பின்புறத்தில் ‘இந்த மருந்தைத் தெளிக்க வேண்டாம்’ என்று அவசரமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“கோவிச்சுக்காதீங்க மேடம். சூப்பர்வைசர் கையால எழுதினதெல்லாம் ஒத்துக்க மாட்டார். டைப் பண்ண பேப்பரா ஆபீஸ்லேருந்து குடுங்க, அன்னைக்கே நிறுத்திடறேன்.”

சொல்லிவிட்டு மூடியை இரண்டு கையாலும் தூக்கித் தொட்டியில் கவிழ்த்தார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. தொட்டியை முதுகில் ஏற்றி, துணியை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, அடுத்த செடிக்குப் போனார்.